சாக்கு மூடிய ஏழு பிளேடுகள்

மர மில்லில் அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அங்கிருந்து அது வெளியே வந்ததே இல்லை. லாரி பின்னால் வந்தால் "நிதானம், நிதானம்" என்பார். யாராவது டீ ஊற்றினால் "நிதானம்" என்பார். ஒரு நாள் மில் பூனை பலகை அடுக்கின் உச்சியிலிருந்து குதிக்கப் பார்த்தபோதும் அதையே சொன்னார். பூனை காதில் வாங்கவில்லை. சுற்றி நின்ற ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

நாற்பத்து நாலு வயது. அந்த மில்லில் பத்தொன்பது வருடம். முதலில் கட்டை உருட்டினார், பிறகு அறுத்து வரும் பலகையை வாங்கி அடுக்கினார், அதற்குப் பிறகு பதினோரு வருடம் ரம்பத்தின் லிவரைப் பிடித்து நின்றார். படுத்திருக்கும் கட்டையின் மேல் ரம்ப வண்டி தண்டவாளத்தில் நகரும். அதைத் தள்ளுவதும் நிறுத்துவதும் அந்த லிவர்தான். மில்லில் அதுதான் பெரிய இடம். கடந்த எட்டு மாதமாக அந்த இடத்தை விட்டுவிட்டு, தகரக் கூரை போட்ட பிளேடு அறைக்குள் உட்கார்ந்திருந்தார். கேட்டால் முட்டி வலி என்பார்.

"எந்த முட்டி?" என்று யாராவது கேட்டால் மட்டும் ஒரு நொடி தயங்குவார்.

அவர் மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். சுருக்கம் எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். தினமும் சாயங்காலம் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்.

"ஏங்க, நேத்து இடது கால்தான நீட்டுனீங்க?"

"வலி ஒரே எடத்துல ஒக்காந்திருக்குமா? நகரும்ல."

"நல்ல வலி. பஸ் புடிச்சுப் போயிட்டு வருது போல" என்று சொல்லிக்கொண்டே நீட்டிய காலுக்குத் தேய்ப்பார்.

அதற்கு மேல் கேட்கமாட்டார். அதுவே நிதானத்துக்குப் பயமாக இருக்கும்.

பிளேடு அறை பத்தடிக்கு எட்டடி. ஒரு ஜன்னல், ஒரு சாணை மெஷின், ஒரு ஸ்டூல். மீதியெல்லாம் சுவர். சுவர் நிறைய ஆணி. ஆணிக்கு ஒரு பிளேடு. பிளேடு என்றால் முகத்துக்குப் போடுவதல்ல. நாலு மீட்டர் நீளம், இரண்டு விரல் அகலம், முனையோடு முனை ஒட்டி வளையமாக்கிய எஃகுப் பட்டை. ஒரு ஓரம் முழுக்கப் பல், மொத்தம் நூற்று எண்பத்திரண்டு. இரண்டு பெரிய சக்கரங்களில் மாட்டினால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். சுற்றும்போது ஒவ்வொரு சக்கரத்திலும் அது வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, ஒரு மணி நேரத்தில் பல்லாயிரம் தடவை குட்டிக்கரணம் போட்டிருக்கும். எஃகுக்கும் அலுப்பு உண்டு. அதனால் மில்லில் ஒரு வழக்கம். ஆணிக்குக் கீழே சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். அரை மணி ஓடினால் ஒரு கோடு. நாலு கோடு ஆனால் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, ஆணியில் ஒரு நாள் முழுக்கத் தொங்க விடவேண்டும். அதற்குத் தூங்க விடுவது என்று பெயர். "அது தூங்குது, எழுப்பாத" என்று மில்லில் சொன்னால் யாரும் குழந்தையைத் தேடமாட்டார்கள்.

பிளேடு அறுந்தது எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பகல் பொழுதில். நிதானம்தான் லிவரில் நின்றார். அன்று ஓடியது தடிசு. மில்லில் இரண்டே ஜாதி: மெல்லிசு, தடிசு. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நகத்தின் கனம்தான். நாலு கோடு முடிந்துவிட்டது. கட்டையில் இரண்டு பலகை மிச்சம் இருந்தது. கழற்றி மாட்ட இருபது நிமிடம் ஆகும். இந்தக் கட்டையை முடித்துவிடலாம் என்று நினைத்தார். வாழ்க்கையில் அவர் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான் என்று சொல்லலாம். அந்தக் கட்டை முடிந்தது. அடுத்ததும் ஏறிவிட்டது. ஓட்டம் நன்றாக இருந்தது, பலகை வழுவழுவென்று வந்தது, கை நிறுத்தவில்லை.

அறுந்த சத்தம் பெரிய சத்தம் இல்லை. தடித்த துணியைச் சரக்கென்று கிழித்த மாதிரி. பிறகு சக்கரங்கள் காலியாகச் சுற்றின. சக்கரங்களை மூடியிருக்கும் இரும்பு மூடிக்குள்ளேயே பட்டை சுருண்டு கிடந்தது, ஆனால் ஒரு முனை மட்டும் மரத்தூள் கொட்டும் வாய் வழியாக வெளியே வந்து, அவர் பக்கத்து ஸ்டூலில் இருந்த தண்ணீர் கேனை இரண்டாக்கிவிட்டு உள்ளே போய்விட்டது. கேன் அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. ஒரு கை தூரம். தண்ணீர் செருப்பில் கொட்டிய பிறகுதான் அவருக்கு என்ன நடந்தது என்றே புரிந்தது.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் மோட்டாரை நிறுத்தினார். பிளேடு அறைக்கு நடந்தார். சுவரில் நாலு கோடு இருந்தது. அதற்கு மேல் ஓடியதற்கு இன்னும் இரண்டு போடவேண்டியிருந்தது. உள்ளங்கையால் எல்லாவற்றையும் துடைத்தார். சாக்பீஸை எடுத்து, கொஞ்சம் கோணலாக, இரண்டே இரண்டு கோடு போட்டார்.

முதலாளியம்மா வந்து பார்த்தார். எதையும் "மூணு விஷயம்" என்று ஆரம்பித்து, விரலை நீட்டி, இரண்டோடு நிறுத்திவிடுகிறவர் அவர். மூன்றாவது விஷயம் என்ன என்று மில்லில் யாருக்கும் தெரிந்ததில்லை.

"மூணு விஷயம்ப்பா. ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு, ஒரு மணி நேரத்துல அறுந்தா அது பிளேடே இல்ல. அந்த ஜாதியே வேணாம். எல்லாத்தையும் மூடி வை."

தடிசு ஏழும் பிளேடு அறையின் பின்மூலைக்குப் போயின. மேலே ஒரு சாக்கு. மறுநாள் நிதானத்துக்கு முட்டி வலி வந்தது. லிவருக்கு அவர் மனைவியின் தம்பி வந்தான்.

அவனுக்கு மில்லில் ரேடியோ என்று பெயர். ஸ்டேஷன் மாற்றாமலே எல்லா நிகழ்ச்சியும் வரும். லாரி டிரைவர் இருமுவது, முதலாளியம்மா விரல் நீட்டுவது, சாணை மெஷின் தொண்டை கட்டிக்கொள்வது, எல்லாம் வாயாலேயே செய்வான். அக்கா பத்து வயதிலிருந்து இடுப்பில் வைத்து வளர்த்த தம்பி. அவன் மில்லில் சேர்ந்த அன்று அக்கா புருஷனிடம் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தார். "பேசுவான், கேக்கமாட்டான். நீங்க பாத்துக்கோங்க."

நிதானம் தனக்குத் தெரிந்த மாதிரி பார்த்துக்கொண்டார். எட்டு மாதமாக என்ன மரம் வந்தாலும் மெல்லிசையே எடுத்துக் கொடுத்தார். மெல்லிசு சக்கரத்தில் சுலபமாக வளையும், அலுப்பு குறைவு, லேசில் அறாது. ரேடியோ நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்தக் கேனும் இரண்டாகக் கூடாது. தேர்வு அவ்வளவுதான். மரம் என்ன கேட்கிறது என்று அவர் பார்ப்பதை விட்டுவிட்டார். அவர் பயம் என்ன கேட்டதோ அதுதான் மரத்துக்குக் கிடைத்தது.

நல்ல மரம் வந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. பிறகு அந்தப் பைன் கட்டைகள் வந்தன.

நாலு லாரி. கிளை கழிக்காமல் வளரவிட்ட மரம். முழத்துக்கு ஒரு வட்டம் கணு, ஒவ்வொரு வட்டத்திலும் நாலைந்து. பைன் வெண்ணெய் மாதிரி. அதில் கணு எலும்பு மாதிரி. வெண்ணெயில் சுகமாகப் போய்க்கொண்டிருக்கிற பிளேடு திடீரென்று எலும்பில் இடித்தால், தடிசாக இருந்தால் முறைத்துக்கொண்டு நேராகப் போகும். மெல்லிசாக இருந்தால் மரியாதையாக ஒதுங்கி மேலேயோ கீழேயோ போகும். இதில் பல்லின் சாய்வும் சேரும். பத்து டிகிரி முன்னால் சாய்ந்த பல் பசியெடுத்த பல்; மிருதுவான மரத்தில் பாய்ந்து பாய்ந்து தின்னும், கணு வந்தாலும் அப்படியே பாயும், பாய்ந்து வழுக்கும். நாலு டிகிரி பல் நிமிர்ந்து உட்கார்ந்து சுரண்டித் தின்கிற பல். மெதுவாகப் போகும், வழி மாறாது. கணு மரத்துக்குத் தடிசில் நாலு டிகிரி. இது நிதானத்துக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அந்த நாலு டிகிரி எல்லாம் சாக்குக்குக் கீழே இருந்தது.

அவர் மெல்லிசில் பத்து டிகிரியையே எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாள் பலகை அலை அலையாக வந்தது. ரேடியோ ஒரு பலகையைத் தூக்கிக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தான்.

"மாமா, இதுல கதவு செஞ்சா தெறக்கவே வேணாம். சைடுல நொழஞ்சுடலாம்."

"மெதுவாத் தள்ளு மாப்ள. நிதானம்."

மெதுவாகத் தள்ளினால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னது பொய் என்று அவருக்கே தெரியும். மெதுவாகத் தள்ளினால் பல் கடிக்காது, தேய்க்கும். தேய்த்தால் சூடாகும். சூடானால் பட்டை நீளும், தளரும். தளர்ந்த பட்டை கணுவில் இன்னும் ஒதுங்கும். பல்லை இன்னும் கூர் தீட்டிக் கொடுத்தார், இறுக்கத்தைக் கூட்டச் சொன்னார், பிசின் ஒட்டாமல் இருக்க பிளேடின் மேல் சொட்டுகிற தண்ணீரில் சோப்பைக் கூட்டினார். சாக்கை மட்டும் தொடவில்லை. ஸ்டூலில் உட்காரும்போதுகூட அந்த மூலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருக்கும்.

மூன்றாம் நாள் பிற்பகல் அது நடந்தது.

கட்டை உருளாமல் இருக்க இரண்டு இரும்புக் கிடுக்கிகள் பக்கவாட்டில் கடித்துக்கொண்டிருக்கும். ரேடியோ அறுத்துக்கொண்டிருந்த கோடு கிடுக்கிக்கு ஒரு விரல் மேலே. ஒரு விரல் போதும், வழக்கமாக எல்லோரும் விடுவது அவ்வளவுதான். ஒரு வட்டம் கணு வந்தது. பிளேடு அறைக்குள் இருந்த நிதானத்துக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. பாடிக்கொண்டிருந்த பிளேடு கணுவில் குரலை இறக்கியது. இறங்குகிறது என்று அவர் எழுந்தார். எழுந்து முடிப்பதற்குள் இரும்பில் இரும்பு பட்டு ஒரு கிறீச்.

அவர் ஓடினார். முட்டியை மறந்து ஓடினார். ரேடியோ மோட்டாரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். கிடுக்கியின் தலையில் பளபளவென்று ஒரு வெட்டு. பிளேடில் பதினாலு பல்லைக் காணோம்.

"ஒண்ணுமில்ல மாமா. தப்பு என்னுது. கிடுக்கிய இறக்கியிருக்கணும்."

"மூஞ்சியத் திருப்பு."

ரேடியோ திரும்பினான். போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கத்தில், கண்ணுக்கு நேராக இல்லை, இரண்டு விரல் தள்ளி, அரிசி அளவு எஃகுத் துண்டு ஒன்று குத்திக்கொண்டு நின்றது. அது ஒரு பல்லின் நுனி. அன்று காலையில் அவர் சாணை பிடித்த பல்.

"இதப் பாருங்கடா" என்றான் ரேடியோ கண்ணாடியைக் கழற்றி. "பிளேடு எனக்கு மூக்குத்தி போடப் பாத்திருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிதானம் அந்தக் கண்ணாடியைக் கையில் வாங்கினார். திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை. முதலாளியம்மா வந்து விரலை நீட்டினார்.

"மூணு விஷயம். ஒண்ணு, கிடுக்கிய நாளைலேர்ந்து ரெண்டு விரல் இறக்கி வை. ரெண்டு, கண்ணாடி போடாம எவனும் கிட்ட வரக் கூடாது." அவ்வளவுதான். போய்விட்டார்.

நாளைக்கும் அவனே நிற்பான். நாளைக்கும் பிளேடு கேட்பான். இரண்டு விரல் இறக்கினால் பிளேடு மூன்று விரல் இறங்கலாம். கிடுக்கிக்கு விரல் கணக்கு உண்டு, கணுவுக்குக் கிடையாது.

அன்று சாயங்காலம் ரேடியோ அக்கா வீட்டில் சாப்பிட்டான். மாடியில் இரண்டு அறை, கீழே சைக்கிள் கடை. ஜன்னல் வழியாக ரப்பர் வாசனை எப்போதும் மேலே வரும். ரேடியோ முழு நிகழ்ச்சியையும் ஒலிபரப்பினான். பிளேடு பாடியது, இறங்கியது, கிறீச்சென்றது, மாமா ஓடி வந்தது. "மாமா ஓடுறதப் பாக்கணுமே அக்கா, பந்தயக் குதிர. முட்டி எங்க போச்சுன்னே தெரியல."

அக்கா முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடி பற்றிச் சொன்னான். சிரிப்பு நின்றது.

"எந்தக் கண்ணு?"

"கண்ணுல இல்லக்கா, கண்ணாடில."

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

ரேடியோ இடது பக்கம் தொட்டுக் காட்டினான். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சுருக்கம் தேடுகிற அதே பார்வை. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினார். இருபது வருடத்தில் அவர் ஒரு நாளும் பிளேடைப் பற்றிக் கேட்டதில்லை.

"நாளைக்கு என்ன பிளேடு குடுக்கப் போறீங்க?"

"பாக்கணும்."

"எதப் பாக்கணும்?"

"மரத்தப் பாக்கணும்."

"அப்ப இத்தன நாள் எதப் பாத்துக் குடுத்தீங்க?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். உப்பு போதுமா என்று கேட்கிற குரல். நிதானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரேடியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன ஸ்டேஷன் வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தான்.

மறுநாள் காலை மில் திறக்க முக்கால் மணி இருக்கும்போதே நிதானம் பிளேடு அறையில் இருந்தார். சாக்கை எடுத்தார். ஏழு வளையம், எட்டு மாதத் தூசு. ஒவ்வொன்றாக ஜன்னலுக்குக் கொண்டுவந்து துடைத்தார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கிற வளைந்த குழியில்தான் விரிசல் பிறக்கும். மயிரிழையாக இருக்கும், கண் ஏமாறும், நகம் ஏமாறாது. கட்டை விரல் நகத்தை ஒவ்வொரு குழியிலும் வைத்து இழுத்தார். ஒரு பிளேடுக்கு நூற்று எண்பத்திரண்டு குழி. இரண்டாவது பிளேடில் எழுபதோ எண்பதோ எண்ணும்போது கை நடுங்கி நகம் தடுக்கியது. விரிசலா, நடுக்கமா என்று தெரியவில்லை. அதே குழியில் நாலு தடவை இழுத்தார். நடுக்கம்தான். ஆனாலும் அந்தப் பிளேடை ஒதுக்கி வைத்துவிட்டார்.

அவருடைய பயத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. தடிசு அறும் என்று எட்டு மாதமாக ஊருக்குச் சொல்லிச் சொல்லி, அவரே அதை நம்பிவிட்டார். தன் கையால் போட்ட இரண்டு கோடு என்று புத்திக்குத் தெரிகிறது. வயிறு கேட்கமாட்டேன் என்கிறது. அந்த வளையத்தைக் கையில் பிடிக்கும்போது செருப்பு ஈரமாவது போலவே இருந்தது.

முதலாவதை அடுத்து மாட்ட வைத்துக்கொண்டு, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். நாலு டிகிரி. சாணை பிடித்து, பற்கள் இருபுறமும் விரிந்து நிற்கும் அளவைப் பார்த்து, தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ரேடியோ வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். முதலாளியம்மா டீ டம்ளரோடு நின்றார்.

"என்ன மாமா" என்றான் ரேடியோ. "சாக்குல இருந்த பேய எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டீங்க?"

முதலாளியம்மா டம்ளரை இறக்கினார். "ஏம்ப்பா, இது ஒரு மணி நேரத்துல அறுந்த ஜாதிதான?"

இதோ, இங்கேயே திரும்பிப் போய்விடலாம். தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். முட்டி வலிக்கிறது என்றுகூடச் சொல்லலாம். நிதானம் பிளேடைக் கட்டையின் மேல் வைத்தார்.

"ஒரு மணி நேரம் இல்லம்மா. மூணு மணி பத்து நிமிஷம்."

"எது?"

"அன்னிக்கு ஓடுனது. நாலு கோடு முடிஞ்சும் நான் கழட்டல. அறுந்த பெறகு கோட்ட அழிச்சிட்டு ரெண்டு போட்டேன். பிளேடு மேல தப்பில்ல. என் மேலதான்."

தூரத்தில் லாரி ஒன்று கியர் மாற்றியது.

"பயந்துட்டேன்" என்றார். "அன்னிலேர்ந்து மெல்லிசே குடுத்தேன். கணு மரத்துக்கு அது ஆகாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். நேத்து கண்ணாடில குத்துனது கிடுக்கியால இல்ல. என்னால."

முதலாளியம்மா விரலை நீட்டவில்லை. ஒன்று என்றுகூட ஆரம்பிக்கவில்லை. டம்ளரில் மிச்சம் இருந்த டீயை மண்ணில் ஊற்றிவிட்டு, "சாயங்காலம் பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

ரேடியோ எண்ணெய்க் கேனை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி மூடினான். மூன்றாம் தடவையும் மூடினான்.

"தப்பு என்னுதுன்னு நான் சொன்னப்போ பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"சும்மா நின்னீங்க."

"ஆமா மாப்ள."

"அக்காகிட்ட போயி அத ஜோக்கா வேற சொன்னேன்."

"இன்னிக்கு லிவர் நான் புடிக்கறேன்" என்றார் நிதானம்.

ரேடியோ அவர் கைகளைப் பார்த்தான். "ஆடற கை லிவர்ல வேணாம். பலகை வாங்குங்க."

பலகை வாங்குகிற ஆள் நிற்பது தூள் கொட்டும் வாய்க்கு எதிரில். அன்று முனை வெளியே வந்த அதே வாய். இப்போது அதற்கு ஒரு இரும்புத் தட்டி அடித்திருந்தார்கள். தட்டி விரல் கனம். தாங்கும். தாங்கும் என்று பத்து தடவை சொல்லிக்கொண்டார்.

பிளேடை மாட்டினார்கள். ரேடியோ வழக்கமாக மாட்டும்போது பாடுவான், இன்று பாடவில்லை. இறுக்கம் பார்த்தான், தண்ணீர் திறந்தான், மோட்டாரைப் போட்டான்.

தடிசின் குரல் வேறு. மெல்லிசு பாடும், இது உறுமும். ஓடிவிடு என்று கால் சொன்னது. காலைப் பூமியில் அழுத்தி வைத்துக்கொண்டு கட்டையைப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. முதல் வட்டம் கணு, நாலு கணு, பழுப்பாக, முட்டைக் கண் மாதிரி அவரையே பார்த்தன. பிளேடு அதில் போய் இடித்தது. உறுமல் கனத்தது. இறங்கப் போகிறது, இறங்கப் போகிறது என்று அவர் உடம்பு முழுக்கக் காத்திருந்தது. இறங்கவில்லை. ஆஜானுபாகுவான ஒருவர் கூட்டத்துக்குள் நடந்து போகிற மாதிரி, தோளைக் குலுக்காமல் மறுபக்கம் வந்தது.

பலகை கையில் விழுந்தது. நேராக இருந்தது. அவர் சந்தோஷப்படவில்லை. அடுத்த வட்டத்தைப் பார்த்தார்.

இப்படியே பயந்து பயந்து இருபத்தாறு பலகை வாங்கினார். ஒவ்வொரு கணுவுக்கும் புதிதாகப் பயந்தார். பயம் குறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் கணு மரம் அறுத்தவர்கள் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை ரேடியோ மோட்டாரை நிறுத்திவிட்டு, அவரைப் போகச் சொல்லாமல் தானே பிளேடு அறைக்குப் போய்ச் சுவரில் கோடு போட்டுவிட்டு வந்தான்.

மூன்றாவது கோடு போடும் நேரம் வந்தபோது கட்டையில் இரண்டு பலகை மிச்சம். கழற்றி மாட்ட இருபது நிமிடம். நிதானம் கடிகாரத்தைப் பார்த்தார். தடிசும் கணுவும் சேர்ந்தால் நாலு கோடு கிடையாது, மூன்றுதான்; அதை இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் கேட்பானா?

"மாப்ள."

ரேடியோ திரும்பினான்.

"கணு மரத்துக்கு மூணு கோடுதான். கழட்டிடு."

"ரெண்டு பலகைதான இருக்கு?"

"அன்னிக்கும் அவ்வளவுதான் இருந்துச்சு."

ரேடியோ கட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். மோட்டாரை நிறுத்தினான். மிச்சக் கட்டையை அப்படியே விட்டுவிட்டுப் பிளேடைக் கழற்றினார்கள். நிதானம் உள்ளே போய் அடுத்த தடிசை எடுத்துக்கொண்டு வந்தார். காலையிலேயே பார்த்து வைத்தது. மாட்டுவதற்காக நீட்டினார்.

ரேடியோ வாங்கிக்கொண்டான். மாட்டவில்லை. வெளிச்சத்துக்குப் போய், கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, மடியில் சாக்கை விரித்துப் பிளேடைப் போட்டுக்கொண்டான். கட்டை விரல் நகத்தை முதல் குழியில் வைத்து இழுத்தான். அடுத்த குழி. அடுத்தது.

"நான் பாத்துட்டேன் மாப்ள. காலைல."

"தெரியும்" என்றான் தலை நிமிராமல். இழுத்துக்கொண்டே போனான்.

நிதானம் நின்றார். இத்தனை வருடத்தில் அவர் கொடுத்த பிளேடை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. கொடுத்தால் மாட்டுவார்கள், அவ்வளவுதான். கட்டை உருட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஐம்பது, அறுபது. உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு வந்தான். எண்ணிக்கை நூறைத் தாண்டியபோது நிதானமும் மனதுக்குள் கூடவே எண்ண ஆரம்பித்தார். கண்டுபிடித்துவிடுவானோ. காலையில் கை ஆடியதே, எதையாவது விட்டிருப்பேனோ.

நூற்று முப்பத்தொன்றில் நகம் நின்றது.

ரேடியோ மறுபடி இழுத்தான். மறுபடி நின்றது.

"மாமா. இங்க வாங்க."

நிதானம் குனிந்தார். கண்ணுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது, மயிரளவு, குழியின் அடியிலிருந்து கிளம்பி. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கட்டை விரல் நகத்தை அதன் மேல் வைத்து மெதுவாகச் சுரண்டினார். கோடு நகத்தோடு உருண்டு வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"பிசின்" என்றார். "எட்டு மாசப் பழைய பிசின்."

ரேடியோ அவர் விரலை வாங்கி முகர்ந்தான். அந்த இடத்தைத் தன் நகத்தால் மூன்று முறை இழுத்துப் பார்த்தான். பிறகு நூற்று முப்பத்திரண்டுக்குப் போனான். கடைசிக் குழிவரை அவன் அவசரப்படவில்லை, நிதானமும் அசையவில்லை. எழுந்து பிளேடின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை அவரிடம் நீட்டினான்.

"புடிங்க. மாட்டலாம்."